குழந்தையின் சிறுநீரை எண்ணினேன், என்னுடையதை எண்ணவில்லை

என் மகள் பிறந்த இரண்டாம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது செவிலியர் ஒருவர் எனக்கு ஒரு வேலை கொடுத்து அனுப்பினார். குழந்தை எத்தனை முறை சிறுநீர் கழிக்கிறது என்று குறித்து வையுங்கள், முதல் வாரக் கடைசியில் ஒரு நாளைக்கு ஆறு முறையாவது போக வேண்டும், குறைந்தால் பால் போதவில்லை என்று அர்த்தம் என்றார். எதையும் ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்ற புத்தி எனக்கு. கோடு போட்ட நோட்டு ஒன்றை எடுத்து நேரம், பால், சிறுநீர், மலம் என்று பத்தி பிரித்து எழுத ஆரம்பித்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. நான்காம் நாள் பக்கத்தில் அவள் ஐந்து முறை சிறுநீர் கழித்ததாக எழுதியிருக்கிறேன். அதே நாளில் நான் போனது ஒரே ஒரு முறை, அதுவும் கடுந்தேநீர் நிறத்தில் கொஞ்சம். அதை எங்கும் எழுதவில்லை. எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஐந்தாம் நாள் மாலை நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். இரண்டு சிறுநீரகங்களும் வேலையை நிறுத்தியிருந்தன.

நான் மருத்துவர் இல்லை. மருத்துவமனைக் கட்டிலில் 33 நாள் கிடந்ததில் காதில் விழுந்ததையும், பிறகு ஒவ்வொரு மருத்துவரையும் துளைத்துத் துளைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு முன்பே யாராவது இதைச் சொல்லியிருந்தால் ஒன்றரை நாளாவது மிச்சமாகியிருக்கும். அந்த ஒன்றரை நாளில்தான் எல்லாம் கெட்டுப்போனது.

பிரசவம் சுலபமாக நடக்கவில்லை. பனிக்குடம் உடைந்து இருபது மணி நேரத்துக்கு மேலாகியும் குழந்தை வரவில்லை. வந்த பிறகு நஞ்சுக்கொடி முழுதாக வெளியேறவில்லை, கையை உள்ளே விட்டு எடுத்தார்கள். அப்போது அது எனக்கு ஒரு வலியாக மட்டுமே பதிந்தது. இந்த இரண்டுமே கர்ப்பப்பையில் கிருமி புகுவதற்கான வாய்ப்பைக் கூட்டுபவை என்று பின்னால்தான் தெரிந்தது. டிஸ்சார்ஜ் தாளில் இரண்டும் எழுதப்பட்டிருந்தன. நான் படிக்கவில்லை. குழந்தையின் எடை எவ்வளவு என்ற வரியை மட்டும் பத்து முறை படித்தேன். உங்கள் பிரசவம் இப்படி நடந்திருந்தால் கிளம்பும் முன் நேரடியாகக் கேளுங்கள்: எனக்குத் தொற்று வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகமா, என்னென்ன அறிகுறி வந்தால் ராத்திரி என்றும் பாராமல் திரும்பி வர வேண்டும், எந்த எண்ணில் கூப்பிட வேண்டும்?

மூன்றாம் நாள் மாலை குளிர் வந்தது. சாதாரணக் குளிர் இல்லை, பற்கள் தாமாகத் தாளம் போடும் நடுக்கம். இரண்டு போர்வை போட்டும் நிற்கவில்லை. அரை மணி நேரத்தில் நடுக்கம் நின்று காய்ச்சல் ஏறியது. அன்றுதான் பாலும் இறங்கியிருந்தது, மார்பு கல்லாகக் கனத்தது. பால் கட்டியதால் வந்த காய்ச்சல் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து தீர்ப்பு எழுதிவிட்டார்கள். நானும் அதில் கையெழுத்துப் போட்டேன். பாராசிட்டமால் போட்டதும் காய்ச்சல் இறங்கியது. இறங்கியதே தீர்ப்பு சரி என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. மாத்திரை காய்ச்சலைத்தான் இறக்கும், கிருமியைத் தொடாது. பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாத்திரையை விழுங்கிவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வெப்பமானி வைத்து, பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். தலைகீழ். வெப்பமானியை மாத்திரைக்கு முன்னால் வைக்க வேண்டும். பிரசவத்துக்குப் பின் 38 டிகிரி செல்சியஸ், அதாவது பாரன்ஹீட்டில் 100.4, அல்லது அதற்கு மேல் போனால் அதைப் பால் காய்ச்சல் என்று வீட்டில் முடிவுசெய்யக் கூடாது. அந்த முடிவை உங்களைத் தொட்டுப் பார்த்த ஒரு மருத்துவர் சொல்லட்டும்.

நான்காம் நாள் காலை அடிவயிற்றில் வலி. தையல் வலி என்று நினைத்தேன். உதிரப்போக்கில் ஒரு நாற்றம் இருந்தது. அழுகல் வாடை என்பதைத் தவிர வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. அதை அம்மாவிடம்கூடச் சொல்லக் கூச்சப்பட்டேன். அந்தக் கூச்சத்தை நினைத்தால் இப்போதும் என் மீதே எரிச்சல் வருகிறது. படுத்திருக்கும்போதே நெஞ்சு படபடவென்று அடித்தது, நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. தூக்கமில்லாததால் என்றார்கள். பிரசவமான உடம்பு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று பெற்றுப் பிழைத்த ஒவ்வொருவரும் சொன்னார்கள். அவர்கள் சொன்னது பொய்யும் இல்லை. களைப்பு, வலி, வியர்வை எல்லாம் சாதாரணமாக வருபவைதான். அதனால்தான் இந்த நோய் இவ்வளவு லேசாக ஒளிந்துகொள்கிறது. ஒவ்வொரு அறிகுறிக்கும் தனித்தனியாக ஓர் அப்பாவிக் காரணம் இருந்தது. எல்லாவற்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க யாரும் இல்லை.

அன்று பகலில் பிரசவம் பார்த்த இடத்துக்குப் போன் செய்தேன். "கொஞ்சம் காய்ச்சலாக இருக்கிறது, உடம்பு அசதியாக இருக்கிறது" என்றேன். எடுத்தவர் யாரென்று தெரியாது. "பால் கட்டியிருக்கும்மா, மாத்திரை போடுங்கள், நாளை மறுநாள் தையல் பார்க்க வரும்போது காட்டுங்கள்" என்றார். பல மாதம் அவர் மேல் கொதித்துக்கொண்டிருந்தேன். இப்போதும் கோபம் முழுதாகப் போகவில்லை, இரண்டு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் நான் சொன்ன வாக்கியத்தை எடுத்துப் பார்த்தால் அதில் ஒன்றுமே இல்லை. இப்போது தெரிந்தவர்கள் யாராவது கருவுற்றால் இப்படிப் பேசு என்று சொல்லிக்கொடுக்கிறேன்: "பிரசவமாகி நான்கு நாள். மாத்திரைக்கு முன் காய்ச்சல் 38.9. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாடி 128. பன்னிரண்டு மணி நேரத்தில் ஒரு முறைதான் சிறுநீர் போனேன். அடிவயிறு வலிக்கிறது, உதிரப்போக்கு நாறுகிறது. இது செப்சிஸாக இருக்குமா?" செப்சிஸ் என்ற சொல்லைக் கூச்சமில்லாமல் உச்சரிக்க வேண்டும். தொற்றுக்கு எதிராக உடம்பு எடுக்கும் போரே உடம்பின் உறுப்புகளைச் சாய்க்கத் தொடங்கும் நிலைக்குத்தான் அந்தப் பெயர். அந்தச் சொல் காதில் விழுந்தால் எதிர்முனையில் இருப்பவர் அலட்சியமாகப் பதில் சொல்லத் தயங்குவார்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தையல் வலிக்கு டைக்குளோஃபினாக் கொடுத்திருந்தார்கள். அது தவறே இல்லை, பிரசவத்துக்குப் பின் எத்தனையோ பேருக்குக் கொடுக்கிறார்கள். ஆனால் ரத்த அழுத்தம் இறங்கி, உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகம் தனக்கு வரும் ரத்தத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் ஏற்பாட்டை இந்த வகை வலி மாத்திரைகள் தடுத்துவிடும். ஐபுபுரூஃபனும் இதே வகைதான். வயிற்று வலி கூடக்கூட நான் அந்த மாத்திரையைத் தவறாமல் போட்டுக்கொண்டேன். என் சிறுநீரகம் நின்றதற்கு அதுதான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. விழுந்துகொண்டிருந்தவளை லேசாக ஒரு தள்ளு தள்ளியது என்பதுதான் மருத்துவரின் கணக்கு. காய்ச்சல், வாந்தி, சிறுநீர் குறைவு இவற்றில் எது இருந்தாலும் வலி மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே கேளுங்கள்.

ஐந்தாம் நாள் காலை நான் என் கணவரிடம் குழந்தை யாருடையது என்று கேட்டேனாம். எனக்கு நினைவில்லை. கைகால் சில்லென்று இருந்தது, உதடு வெளுத்திருந்தது, காய்ச்சலே இல்லை. காய்ச்சல் இல்லாததால் அம்மா முதலில் நிம்மதி அடைந்தாராம். உடம்பு 36 டிகிரிக்குக் கீழே குளிர்ந்துபோவது காய்ச்சலைவிட மோசமான அறிகுறி என்று அவருக்கு எப்படித் தெரியும்? என் கணவருக்கு மருத்துவம் தெரியாது, ஆனால் நான் என் குழந்தையை அடையாளம் தெரியாமல் பார்த்த பார்வை அவரைப் பயமுறுத்தியது. தூக்கிக்கொண்டு அருகில் இருந்த மருத்துவமனைக்கு ஓடினார்.

அந்தச் சிறிய மருத்துவமனையில் டயாலிசிஸ் வசதி கிடையாது. அங்கே இரண்டரை மணி நேரம் வீணாகிவிட்டது என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். எனக்கு உயிர் கொடுத்ததே அந்த இரண்டரை மணி நேரம்தான். பணியில் இருந்த இளம் மருத்துவர் என்னைப் பார்த்த மாத்திரத்தில் ரத்தம் எடுத்துக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை ஏற்றினார், ட்ரிப்ஸ் ஓடவிட்டார். செப்சிஸில் அந்த முதல் மருந்து தள்ளிப்போகும் ஒவ்வொரு மணி நேரமும் ஆபத்து. ஆகவே பெரிய மருத்துவமனைதான் வேண்டும் என்று தூரத்துக்கு வண்டி ஓட்டாதீர்கள். முதல் மருந்து எங்கே சீக்கிரம் கிடைக்குமோ அங்கே போங்கள். அந்த நேரத்தில் வீட்டில் இன்னொருவர் போனில் உட்கார்ந்து, தீவிர சிகிச்சை, டயாலிசிஸ், மகப்பேறு மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம் எது, படுக்கை காலியா என்று விசாரிக்கட்டும். மாற்றும்போது டிஸ்சார்ஜ் தாளையும், விழுங்கிய மாத்திரைகளின் அட்டைகளையும், கர்ப்பகால ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் கையோடு எடுத்துச்செல்ல வேண்டும்.

அந்தப் பழைய தாள்கள் எதற்கு என்றால், கிரியேட்டினின் என்ற எண்ணுக்காக. தசைகளிலிருந்து வரும் கழிவு அது, சிறுநீரகம் வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும். கர்ப்பத்தில் சிறுநீரகம் வழக்கத்தைவிடக் கடுமையாக வேலை செய்வதால் இந்த எண் குறைந்தே இருக்கும். எனக்கு எட்டாம் மாதத்தில் 0.6. அனுமதித்த அன்று 4.6. எனக்கு வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் 0.5 இருந்த ஒருத்திக்கு அது 1.0 ஆனால், ஆய்வகத் தாள் அதை இயல்பு என்றே அச்சிடும். உண்மையில் இரண்டு மடங்காகியிருக்கிறது. உங்கள் எண்ணைத் தாளில் அச்சடித்த எல்லைகளோடு மட்டுமல்ல, உங்களுடைய பழைய எண்ணோடும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பெரிய மருத்துவமனையில் என்ன நடந்தது என்பதில் பாதி எனக்குப் பிறர் சொல்லித்தான் தெரியும். கர்ப்பப்பைக்குள் நஞ்சுக்கொடியின் ஒரு துண்டு தங்கி அழுகியிருந்தது, அதை அன்றிரவே அகற்றினார்கள். மருந்து மட்டும் ஏற்றிக்கொண்டிருந்தால் போதாது, தொற்றின் ஊற்றுக்கண்ணை அடைக்காமல் நீரை இறைத்துக்கொண்டிருப்பது போல அது. ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்க ஒரு மருந்து, மூன்று நாள் செயற்கைச் சுவாசம். ரத்தத்தட்டுகளும் குறைந்திருந்ததால், இது தொற்று மட்டும்தானா, கர்ப்பத்தோடு வரும் ரத்த அழுத்த நோயோ சிறு ரத்தக்குழாய்களில் உறைகட்டிகள் அடைக்கும் வேறு நோயோ சேர்ந்திருக்கிறதா என்று இரண்டு நாள் அலசினார்கள். சிகிச்சை அடியோடு மாறும் என்பதால் அந்த அலசல் தேவைதான். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நேர்ந்தால் அந்தக் கேள்வியைக் குடும்பத்தாரும் கேட்கலாம்.

பொட்டாசியம் 6.7க்கு ஏறியது, நுரையீரலில் நீர் கோத்தது, ரத்தம் அமிலமானது. டயாலிசிஸ் வேண்டும் என்று கையெழுத்துக் கேட்டபோது என் கணவர் கை நடுங்கி உட்கார்ந்துவிட்டாராம். டயாலிசிஸ் ஆரம்பித்தால் ஆயுளுக்கும் நிறுத்த முடியாது என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம். என் அம்மா ஒரு மூலையில் நின்று தன் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது சிறுநீரக மருத்துவர் ஒருவர் அவர்களை உட்காரவைத்துச் சொன்னாராம்: "இது திடீரென்று விழுந்த சிறுநீரகம், ஆண்டுக்கணக்கில் தேய்ந்தது இல்லை. ரத்தம் போதாமல் உள்ளே இருக்கும் நுண்குழாய்களின் உள்தோல் செத்து உதிர்ந்திருக்கிறது. அடித்தளம் மிச்சம் இருந்தால் அது மறுபடி முளைக்கும். முளைக்கும் வரை இயந்திரம் அந்த வேலையைச் செய்யட்டும்." புறணி என்கிற வெளியடுக்கே செத்திருந்தால் கதை வேறு, அதற்கு இன்னும் சில வாரம் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அவர் கொடுத்த அந்த அரை நம்பிக்கை, முழுப் பொய்யைவிட எங்களுக்கு நன்றாகவே உதவியது.

நினைவு திரும்பிய பிறகு சுவர் முழுக்க எறும்பு ஊர்வதைப் பார்த்தேன். செவிலியர்கள் என் குழந்தையை ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று நம்பினேன், ஒருவரின் கையைக் கடிக்கப் போனேன். தீவிர சிகிச்சையில் இருப்பவர்களுக்கு இப்படி மனக்குழப்பம் வருவது மிகச் சாதாரணம் என்றும், பெரும்பாலும் சரியாகிவிடும் என்றும் யாராவது என் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். சொல்லாததால் எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து மூன்று நாள் என்னைப் பார்க்க வருபவர்களைத் தடுத்துவிட்டார்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் கண்ணாடியைக் கொடுங்கள், இன்று என்ன தேதி என்று சொல்லுங்கள், தெரிந்த குரல்கள் பக்கத்தில் இருக்கட்டும். எனக்குக் குழந்தையின் புகைப்படம் ஒன்றைக் கட்டில் கம்பியில் ஒட்டிய பிறகுதான் எறும்புகள் போயின.

மொத்தம் பத்து முறை டயாலிசிஸ். முதலில் சில முறை மெதுவாக எட்டு மணி நேரம், பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் நான்கு மணி நேரம். கழுத்து நரம்பில் குழாய். குழாய் செருகிய இடம் நனையக் கூடாது, அந்தக் குழாய் வழியாகவே புதிய தொற்று வரலாம், குளிர் வந்தால் உடனே சொல்ல வேண்டும். இயந்திரம் ஓடும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், தலை வலிக்கும். கொட்டாவியும் வியர்வையும் சேர்ந்து வந்தால் ரத்த அழுத்தம் இறங்குகிறது என்று கற்றுக்கொண்டேன். பொறுத்துக்கொள்ளாமல் அப்போதே செவிலியரைக் கூப்பிட வேண்டும். நல்ல நோயாளி என்று பெயர் வாங்க வாயை மூடிக்கொண்டிருந்து ஒரு நாள் மயங்கியே விழுந்தேன். தாகம்தான் எல்லாவற்றிலும் கொடுமை. முந்தைய நாள் வெளியேறிய சிறுநீர் எவ்வளவோ அதோடு அரை லிட்டர். ட்ரிப்ஸில் ஏறுவது உட்பட ஒரு நாளைக்கு அவ்வளவுதான். எனக்குச் சிறுநீரே கிடையாது என்பதால் அரை லிட்டர் மட்டும். வாயைக் கொப்பளித்துத் துப்புவது, ஐஸ்கட்டியை வாயில் வைத்துக் கரைப்பது (அதுவும் கணக்கில் சேரும்), மாத்திரைகளை ஒரே வாய் தண்ணீரில் விழுங்குவது என்று காலம் தள்ளினேன். அன்போடு பழச்சாறு கொண்டுவந்த உறவினர் ஒருவரை என் கணவர் வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அதில் நீரும் உண்டு, பொட்டாசியமும் உண்டு.

நான்கு மணி நேரம் அசையாமல் கிடக்கும்போது மனம் எங்கெங்கோ போகும். அப்போது படித்ததுதான் இது. வியன்னா மருத்துவமனையில் 1847இல் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணங்களை அறுத்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வருவதால்தான் தாய்மார்கள் காய்ச்சல் கண்டு சாகிறார்கள் என்று கண்டுபிடித்து, குளோரின் கலந்த நீரில் கை கழுவவைத்தார். சாவு சட்டென்று குறைந்தது, ஆனாலும் பலர் அவரை நம்பவில்லை. அவர் போராடியது என்னைப் பிடித்த அதே நோயோடுதான். என் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் மூதாதையை நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் என்பவர் 1943இல், போர்க்காலத்தில், இறைச்சிக் குழலுக்குப் பயன்படும் செலோபேனைச் சுற்றிச் செய்தார். 1945இல்தான் அதில் ஒருவர் பிழைத்தார், அவர் 67 வயதுப் பெண். அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டே பல மணி நேரங்களைக் கடத்தியிருக்கிறேன்.

பாலைப் பற்றி எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுத வேண்டும். நான் நினைவின்றிக் கிடந்த நாட்களில் யாரும் என் மார்பைக் கவனிக்கவில்லை. உயிர் போகிற நேரத்தில் அது ஒரு பொருட்டா என்று நினைத்திருப்பார்கள், குறை சொல்ல முடியாது. கட்டிப்போய், பிறகு வற்றிவிட்டது. தாய் நினைவில்லாமல் இருந்தாலும் பம்ப் வைத்துப் பாலை எடுக்கலாம், கேட்டால் செய்வார்கள். கேட்க வேண்டியது குடும்பம். எடுத்த பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்பது ஓடும் மருந்துகளைப் பொறுத்தது. ஒட்டுமொத்தமாகக் கூடாது என்று ஒருவர் சொன்னால் மருந்துப் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எனக்குக் கடைசி வாரத்தில்தான் அப்படி ஒருவர் பார்த்து, கொடுக்கலாம் என்றார். பிறகு நாளுக்கு எட்டு முறை பம்ப் வைத்துக் கொஞ்சம் மீட்டேன். பாதிப் பால்தான், மீதி புட்டிப்பால். மருத்துவமனையில் அதற்காக அழுத அளவு டயாலிசிஸுக்கு அழவில்லை.

பதினேழாம் நாள் சிறுநீர்ப் பையில் 90 மி.லி. இருந்தது. அதுவரை 10, 20 என்று மருந்துக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. செவிலியர் பையைத் தூக்கிக் காட்டினார், நாங்கள் இருவரும் அதைப் பார்த்துச் சிரித்தோம். அடுத்த நாள் 210, பிறகு 480, 1,100. ஒரு வாரத்தில் 4 லிட்டரைத் தாண்டியது. எல்லாம் முடிந்தது என்று வீட்டில் கொண்டாடினார்கள். முடியவில்லை. புதிதாக முளைத்த குழாய்களுக்கு வடிகட்டிய நீரையும் உப்புகளையும் திரும்ப இழுத்துக்கொள்ளத் தெரியாது, எல்லாவற்றையும் கொட்டும். போன வாரம் உயிரை எடுக்கப் பார்த்த பொட்டாசியம் இப்போது 2.9க்கு இறங்கி, கால்கள் துவண்டன. தண்ணீரைத் தடுத்தவர்களே இப்போது குடி குடி என்றார்கள். நிறைய சிறுநீர் வருகிறது என்று ரத்தப் பரிசோதனையைத் தளர்த்த விடாதீர்கள், அந்தச் சில நாட்களில் தினமும் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது மகளுக்கு 38 நாள். தொப்புள்கொடி விழுந்ததை நான் பார்க்கவில்லை. அவள் என் அம்மாவின் தோளில்தான் தூங்கினாள், என்னிடம் வந்தால் நெளிந்தாள். நான் அவளைப் பார்த்துப் பொங்கவில்லை. இவ்வளவுக்கும் நீதானே காரணம் என்று ஒரு கணம் தோன்றியதையும் மறைக்கப் போவதில்லை. இரண்டு நாள் கழித்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து நின்ற இடத்திலிருந்து என் கணவரின் கோழிக் கிறுக்கல் தொடர்ந்தது. கடைசியில் ஒரு பத்தி புதிதாகச் சேர்த்து, தலையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதியிருந்தார். அவளுக்கு 7, எனக்கு 0. அவளுக்கு 8, எனக்கு 20 மி.லி. ஒவ்வொரு நாளும் வார்டுக்குப் போன் செய்து கேட்டுக் குறித்திருக்கிறார். 90க்கு இரண்டு வட்டம்.

பணக் கணக்கு வேறு. வீட்டுக்காக ஆறு ஆண்டு சேர்த்தது போய், இரண்டு உறவினர்களிடம் கடனும் ஆனது. எனக்குச் சம்பளமில்லா விடுப்பு ஏழு மாதம். இரண்டு நாளுக்கு ஒரு முறை இடைக்கால பில் கேட்கலாம், உதவித்தொகை பற்றிச் சொல்லவே பல மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர் இருப்பார் என்பதெல்லாம் எங்களுக்கு மூன்றாம் வாரம்தான் தெரிந்தது. நோயாளியோடு இருப்பவரே பணத்துக்கும் ஓடக் கூடாது. காகிதத்துக்கும் காசுக்கும் என்று வீட்டில் ஒருவரைத் தனியாக ஒதுக்குங்கள்.

உடம்பு திரும்பியது நத்தை வேகத்தில். மூன்றாம் மாதம் முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது. கடும் நோய்க்கும் பிரசவத்துக்கும் பின் அப்படிக் கொட்டும், மறுபடி வளரும் என்றார்கள், வளர்ந்தது. ராத்திரிகளில் இயந்திரத்தின் எச்சரிக்கை மணி காதில் கேட்டு எழுந்து உட்காருவேன். மனநல ஆலோசகரிடம் போகச் சொன்னபோது மறுத்தேன், ஐந்தாம் மாதம் போனேன். முதல் மாதமே போயிருக்க வேண்டும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது கிரியேட்டினின் 2.4. மூன்றாம் மாதம் 1.3, ஓர் ஆண்டு முடிவில் 0.9. மூன்று மாதம்தான் முக்கியமான எல்லை, அதற்குப் பிறகும் குறைபாடு இருந்தால் அதை நாள்பட்ட சிறுநீரக நோய் என்ற கணக்கில் சேர்ப்பார்கள். எண் இயல்பானதும் பலர் போகாமல் விட்டுவிடுகிறார்கள். ஒரு முறை விழுந்த சிறுநீரகத்துக்குப் பிற்காலத்தில் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். ஆண்டுக்கு ஒரு முறை கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், ரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பல்வலிக்குப் போனாலும், ஸ்கேனுக்குச் சாய மருந்து ஏற்றுவதாக இருந்தாலும் முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். வாந்தி, வயிற்றுப்போக்கு என்றால் இரண்டாம் நாள்வரை காத்திருப்பதில்லை. கருத்தடை பற்றி மட்டும் மருத்துவமனையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை, ஒவ்வொரு துறையும் மற்றவர் சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டது. மாதவிடாய் திரும்பும் முன்பே கரு தங்கலாம். நீங்களே கேளுங்கள்.

இரண்டாவது குழந்தையைப் பற்றி இப்போது கேட்கிறார்கள். கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ரத்த அழுத்தம் ஏறும் கர்ப்பகாலச் சிக்கல் வரும் வாய்ப்பு எனக்கு அதிகம், கருவுறும் முன்பே வந்து பேச வேண்டும் என்கிறார் சிறுநீரக மருத்துவர். என் கணவர் வேண்டாம் என்கிறார். எனக்கு வேண்டும் என்று சில நாள் தோன்றுகிறது, சில நாள் அந்த நாற்றம் நினைவுக்கு வந்து வயிறு சுருங்குகிறது. ஆண்டுப் பரிசோதனைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நோட்டின் கடைசிப் பக்கத்தில் அன்று கேட்க வேண்டிய பதினான்கு கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன்.